ஸ்டூலுக்குச் செருப்பு, பல்லுக்குப் பதவி

சீன எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம்.

போன வருஷம் ஒரு பதிப்பகத்துக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஃபெங் ஸிகாய் என்ற சீன எழுத்தாளரின் ஆறு கட்டுரைகள், கூடவே அவரே வரைந்த பன்னிரண்டு கோட்டோவியங்கள். சீனத்திலிருந்து நேராகத் தமிழில் செய்தவை. அகராதியும் நானுமாக இரண்டு வருஷ மாலைகள் அதில் போயிருக்கின்றன. புரட்டிப் பார்த்த நண்பர் நல்ல வாசகர்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓவியங்களைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கோப்பை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி சார், இதை எந்த ரேக்கில வைக்கிறது?"

முதல் கட்டுரை ஓவியக் கோட்பாடு. கீழை ஓவியம், மேலை ஓவியம், இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பது. இரண்டாவது, பல் பிடுங்கிக்கொண்ட கதை, ஆனால் முழுக்க அரசியல் நையாண்டி. மூன்றாவது ஒரு பூனை. நான்காவது குழந்தைகள். ஐந்தாவது விதை கொறிப்பது. ஆறாவது, குண்டு விழுந்து எரிந்துபோன வீடு. அவர் யோசனையும் சொன்னார். பிராணிகளையும் குழந்தைகளையும் மட்டும் எடுத்து, படத்தைப் பெரிதாகப் போட்டு, சிறுவர் நூலாகக் கொண்டுவரலாம். அரசியலை எடுத்துவிடலாம். ஓவியக் கட்டுரையை யாராவது சிற்றிதழுக்குக் கொடுத்துவிடலாம்.

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வந்தது. அதை அவர் ஒருவரிடம் மட்டும் சொல்வதைவிட உங்கள் எல்லாரிடமும் சொல்லிவிடலாம் என்று இந்த மடல்.

ஆளைப் பற்றி முதலில் கொஞ்சம். ஃபெங் 1898-ல் செஜியாங் மாகாணத்தில், பெருங்கால்வாய்க் கரையில் இருக்கும் ஷிமென்வான் என்ற சிற்றூரில் பிறந்தார். சாயப்பட்டறை வைத்திருந்த குடும்பம். 1975-ல் ஷாங்காயில் இறந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் எழுதியதையும் வரைந்ததையும் பட்டியல் போட்டால் நாலைந்து பேருடைய வேலை போல இருக்கும்: மேலை ஓவிய வரலாறு, வான்கோவின் வாழ்க்கை, இசைக்கு ஓர் அறிமுக நூல், ஆயிரக்கணக்கான கோட்டோவியங்கள், கட்டுரைகள், ஐம்பது வயதுக்கு மேல் ரஷ்யமொழி கற்றுக்கொண்டு செய்த துர்கனேவ் மொழிபெயர்ப்பு, 1961-லிருந்து 1965 வரை உட்கார்ந்து முடித்த, ஜப்பானின் பழம்பெரும் நாவலான கெஞ்ஜி கதையின் மொழிபெயர்ப்பு. சீனாவில் இன்று 'மன்ஹுவா' என்று சொல்லப்படும் கேலிச்சித்திர வகைக்கு அந்தப் பெயர் ஊரெல்லாம் புழங்க ஆரம்பித்ததே இவர் படங்களால்தான் என்பார்கள். 1925-ல் செங் சென்துவோ என்ற பத்திராதிபர் தன் வார இதழில் இவர் படங்களை 'ஸிகாயின் மன்ஹுவா' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டார், அது ஒட்டிக்கொண்டது.

சரி, ரேக் விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபெங்கின் மூத்த மகளுக்கு வீட்டில் அபாவோ என்று பெயர். ஒருநாள் இரவு அவள் தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றினாள். சின்னக் குழந்தை ரூவான்ரூவானின் புதுச்செருப்பையும் எடுத்தாள். நான்கையும் ஒரு ஸ்டூலின் நான்கு கால்களுக்கும் மாட்டிவிட்டாள். பிறகு காலுறையோடு தரையில் நின்று பெருமையாகக் கத்தினாள்: அபாவோவுக்கு ரெண்டு காலு, ஸ்டூலுக்கு நாலு காலு! அம்மா ஓடிவந்து, காலுறை அழுக்காகிறதே என்று அவளைத் தூக்கிப் பிரம்புக் கட்டிலில் போட்டுவிட்டு, ஸ்டூலின் செருப்புகளைக் கழற்றினாள். ஃபெங் இதைப் படமாகவும் போட்டார், கட்டுரையிலும் எழுதினார். கட்டுரையில் அம்மா செய்ததற்கு அவர் சொல்லும் பெயர்: உன் படைப்பை அழித்தாள். மகளிடம் மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதுகிறார். அம்மா எவ்வளவு ரசனையில்லாதவள் என்று நீ நினைத்திருப்பாய் என்கிறார்.

இது சிறுவர் ரேக்குக்குப் போகும், சரி. இப்போது ஓவியக் கட்டுரையைப் பாருங்கள்.

1930-ல் ஷாங்காயின் 'தோங்ஃபாங்' இதழில், புனைபெயரில், நவீன ஓவியத்தில் சீன ஓவியம் பெற்ற வெற்றி என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தலைப்பு எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அடிபட்டுக்கொண்டிருந்த ஒரு தேசத்தின் வீறாப்பு அந்த 'வெற்றி' என்ற சொல்லில் தெரிகிறது. ஆனால் உள்ளே இருக்கும் வாதம் வீறாப்பு இல்லை. ஐரோப்பாவில் மோனே காலத்திலிருந்து ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகள் பரவின. அவற்றின் வேர் சீனத்தில் இருக்கிறது என்று ஆரம்பித்து அரூப ஓவியர் காண்டின்ஸ்கி வரை வருகிறார். நடுவில் ஒரு முடிச்சுப் போடுகிறார். ஜெர்மானியச் சிந்தனையாளர் தியோடோர் லிப்ஸ், ஒரு பொருளைப் பார்க்கும்போது நம் உணர்வை அதற்குள் செலுத்திப் பார்க்கிறோம், அதிலிருந்துதான் அழகுணர்வு பிறக்கிறது என்றார். அதற்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே சீன விமர்சகர் ஷியே ஹே ஓவியத்துக்கு ஆறு விதிகள் வகுத்து, முதல் விதியாக உயிர்மூச்சின் துடிப்பை வைத்தார். ஃபெங் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஒன்றையே சொல்கின்றன என்கிறார். மலையை வரைகிறவன் மலையாக வேண்டும், பூவை வரைகிறவன் பூவோடு சேர்ந்து அசைய வேண்டும்.

லிப்ஸும் ஷியே ஹேயும் சொன்னதை அபாவோ செய்துவிட்டாள். ஸ்டூலின் காலுக்குக் குளிரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கோட்பாட்டுக் கட்டுரையைப் படித்த பிறகு அந்தப் படத்தைத் திரும்பப் பாருங்கள், குறும்பு என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. அதேபோல் அந்தப் படத்தைப் பார்க்காதவருக்குக் கோட்பாட்டுக் கட்டுரை கல்லூரிப் பாடம் மாதிரி வறண்டுபோகும்.

அடுத்தது பல்.

1947-ல் ஹாங்சோவில் ஃபெங் தன் வாயில் மிச்சமிருந்த 17 பற்களையும் பிடுங்கிக்கொண்டார். அப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. அந்த அனுபவத்தை எழுதிய கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் 'வாய்க்குள் கொள்ளையர் ஒழிப்பு' என்று சொல்லலாம். அந்தக் காலத்துச் சீனனுக்கு இந்தத் தலைப்பைப் பார்த்ததுமே சிரிப்பு வந்திருக்கும். கம்யூனிஸ்டுகளோடு நடந்த உள்நாட்டுப் போருக்குக் கோமின்டாங் அரசு தினமும் பத்திரிகையில் பயன்படுத்திய சொல் அது. அரசாங்கம் எதிரியை அடிக்க வைத்திருந்த சொல்லை எடுத்துத் தன் கடைவாய்ப்பல்லுக்கு மாட்டிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. என் பற்கள் சாதாரணக் கொள்ளையர் இல்லை என்று விளக்கம் கொடுக்கிறார். சாதாரணக் கொள்ளையனைப் பிடிக்க அரசு வாரண்ட் போடும், ஊர் காவல் காக்கும். நானோ இவர்களைத் தினமும் துலக்கிப் பராமரித்தேன். சாப்பாடு வந்தால் முதலில் இவர்கள்தான் ருசி பார்த்தார்கள். பேசும்போதுகூட இவர்களுக்கு நோகாமல் பேசினேன். அதனால் இவர்கள் அதிகாரக் கொள்ளையர், அதாவது லஞ்ச அதிகாரிகள். இவர்கள் என் வாயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், என் உணவின் முதல் சுங்கச்சாவடி, என் கருத்து வெளிவரும் பாதையில் நிற்கும் காவலர்கள். அப்படிப்பட்ட பதவியில் இருந்துகொண்டு வேலையும் செய்யாமல், அரித்துத் தின்று, ராத்திரியில் என்னைத் தூங்கவும் விடாமல் செய்தார்கள். மருந்து போட்டேன், அடைத்துப் பார்த்தேன், அதாவது சமாதானப் போக்கைக் கடைப்பிடித்தேன். கடைசியில் ஒரு நல்ல பல் மருத்துவரிடம் போய் எல்லாரையும் பிடுங்கியாகிவிட்டது. இனி புதிய ஆட்களைத் தேட வேண்டும், ஒவ்வொருவரும் நேராக, உறுதியாக, நாட்டுக்கு உழைப்பவராக இருக்க வேண்டும் என்று முடிக்கிறார். பல்செட் கட்டிக்கொள்வதைத்தான் சொல்கிறார்.

நான் இதை மொழிபெயர்த்த அன்று ராத்திரி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இதுவும் அபாவோவின் வேலைதானே? அவள் ஸ்டூலுக்குச் செருப்பு மாட்டினாள், அப்பா பல்லுக்குப் பதவி கொடுத்தார். உயிரில்லாததற்குள் புகுந்து பார்க்கும் அதே பழக்கம். அதனால்தான் சொல்கிறேன், அரசியலைத் தனியாக வெட்டி எடுக்க முடியாது. எடுத்தால் ஓவியக் கோட்பாடும் கையோடு வந்துவிடும்.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவரே ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் காட்டுகிறார். ஹாங்சோவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் லீ ஷூதோங்கிடம் ஓவியமும் இசையும் படித்தார். லீ ஜப்பானில் மேலை ஓவியம் பயின்று வந்தவர். பின்னாளில் ஹோங்யீ என்ற பெயரில் பெரிய பௌத்தத் துறவி ஆனார். அந்தப் பள்ளியில் பிளாஸ்டர் தலைகளைப் பார்த்து அச்சு அசலாக வரைவதுதான் ஓவியம் என்று கற்றுக்கொண்ட ஃபெங், 1919-ல் ஷாங்காயில் நண்பர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்து அதையே சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் வகுப்பில் மாணவர்கள் வரைவதற்காக இலையோடு பறித்து வந்த, பாதி பழுத்த ஆரஞ்சு ஒன்றை மேசைமேல் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவருக்குத் தோன்றியது: நானும் இந்த ஆரஞ்சுதான், பழுக்கும் முன்னாலேயே பறித்து, இலையோடு விற்று, மற்றவர்கள் பார்த்து வரைய வைத்திருக்கிறார்கள்.

கடன் வாங்கிக்கொண்டு 1921-ல் டோக்கியோ போனார். பத்து மாதத்தில் காசு தீர்ந்தது. காலையில் ஓவியப் பள்ளி, பிறகு வயலின், ஜப்பானிய மொழி. எல்லாம் அரைகுறை. ஆனால் ஒரு பழைய புத்தகக் கடையில் தகேஹிஸா யுமேஜி என்ற ஜப்பானிய ஓவியரின் தொகுப்பு ஒன்று கையில் கிடைத்தது. ஒரு படத்தில், ரிக்‌ஷாவில் போகும் பணக்கார வீட்டுப் பெண் தெருவில் நிற்கும் இன்னொருத்திக்குத் தலையசைக்கிறாள். நிற்பவள் முதுகில் குழந்தையைக் கட்டிய ஏழை. படத்தின் தலைப்பு 'வகுப்புத் தோழி'. அவ்வளவுதான். ஃபெங் கடையில் நின்றபடியே அதைப் பார்த்துத் திகைத்துப்போனார். எண்ணெய் வண்ணமும் கேன்வாஸும் கைக்கு எட்டவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு, மேலை ஓவியத்தின் அமைப்பையும் கீழைத் தூரிகையையும் சேர்த்து நாலு கோட்டில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியும் என்று தெரிந்தது அங்கேதான்.

ஊர் திரும்பி, 1924-ல் அச்சான அவருடைய முதல் முக்கியமான படத்தில் மனிதர்களே இல்லை. சுருட்டிய மூங்கில் தட்டி, மேசைமேல் ஒரு தேநீர்க் குடுவை, சில கோப்பைகள், மூலையில் பிறை. ஆட்கள் எழுந்து போய்விட்டார்கள் என்பது மட்டும் ஒரு பழைய பாட்டின் வரியில் எழுதியிருக்கிறது. கோப்பைகள் இன்னும் பேசிக்கொண்டிருப்பது போல எனக்கு இருக்கும்.

விதை கொறிக்கும் கட்டுரையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சீனர்கள் மூன்று துறைகளில் முனைவர் பட்டத்துக்குத் தகுதியானவர்கள் என்று ஆரம்பிப்பார்: குச்சி பிடித்துச் சாப்பிடுவது, புகைக்குழாய் பற்றவைக்கக் காகிதச் சுருளை ஊதுவது, தர்பூசணி விதை கொறிப்பது. விதையைப் பல்லிடுக்கில் வைத்து உடைக்கும் ஓசை, ஓட்டைத் துப்பும் ஓசை, இரண்டையும் எழுத்தில் கொண்டுவருவார். கடைசியில் இந்த ஓசையிலேயே சீனா முழுவதும் கரைந்து போய்விடலாம் என்று முடியும். வேர்க்கடலையும் மிக்ஸரும் வைத்துக்கொண்டு கட்சிப் பேச்சுப் பேசும் நம் ஆட்கள் இதைப் படிக்க வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. நீங்களே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்போது பிராணிகளைப் பற்றி. உங்களில் சிலருக்கு ஃபெங்கைத் தெரிந்திருந்தால் இந்தப் பக்கத்தால்தான் தெரிந்திருக்கும். உயிர் காக்கும் ஓவியங்கள் என்ற அவருடைய தொகுதிகள் ஆறு. குரு ஹோங்யீக்கு ஐம்பது வயது நிறைந்தபோது ஐம்பது படங்களோடு முதல் தொகுதி 1929-ல் வந்தது. அறுபதுக்கு அறுபது, எழுபதுக்கு எழுபது என்று நூறு வரை போட வேண்டும் என்று குரு கடிதம் எழுதினார். ஆயுள் இடம் கொடுத்தால் சொன்னபடி செய்கிறேன் என்று சீடர் பதில் எழுதினார். 1942-ல் குரு இறந்துவிட்டார். சீடர் நிறுத்தவில்லை. மொத்தம் 450 படங்கள்.

இதை மட்டும் எடுத்துப் போட்டால் ஒரு சாதுவான கிழவரின் ஜீவகாருண்யப் புத்தகம் கிடைக்கும். நம் ஊரில் வள்ளலார் படித்தவர்களுக்கு உடனே பிடிக்கும், விற்கும் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் 1938-ல் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜப்பானியக் குண்டு விழுந்து ஷிமென்வானில் அவர் ஆசையாகக் கட்டிய வீடு தரைமட்டமானது. குடும்பத்தோடு தெற்கே ஓடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், பழைய பள்ளித் தோழரான பத்திரிகையாளர் ஸாவ் சூரென், இனி உயிர் காக்கும் ஓவியங்களை எரித்துவிடலாம் என்றார். போர்க்காலத்தில் எறும்புக்கு இரக்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது என்ற அர்த்தத்தில். ஃபெங்குக்குக் கோபம் வந்தது. எறும்பை மிதிக்காதே என்று சிறுவனிடம் சொல்வது எறும்புக்காக இல்லை, அந்தச் சின்னக் கொடூரம் வளர்ந்தால் நாளைக்கு அவன் விமானத்தில் குண்டு ஏற்றிக்கொண்டு வந்து ஊர்மேல் போடுவான் என்பது அவர் வாதம். அந்த வருஷங்களில் அவர் போட்ட ஒரு படத்தைச் சிறுவர் நூலில் சேர்க்க முடியாது. குண்டுவீச்சில் ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் குழந்தை இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்கிறது. தாய்க்குத் தலை இல்லை. ரத்தமும் பாலும் சேர்ந்து வழிகின்றன என்று கூடவே எழுதியிருக்கிறார்.

புகழ்பெற்ற சீன எழுத்தாளர் லூ சுன்னின் ஆ க்யூ கதைக்கு அவர் மூன்று தடவை படம் போட்டதும் இதே காலத்தில்தான். முதல் தடவை போட்டவை ஷாங்காய் அச்சகத்தோடு எரிந்தன, இரண்டாவது குவாங்சோவில் எரிந்தன, மூன்றாவது தடவை போட்டவை 1939-ல் புத்தகமாயின.

கத்தரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இந்த மடலுக்குக் காரணமே அதுதான். 1962 மே மாதம் ஷாங்காயில் எழுத்தாளர், கலைஞர் மாநாடு. ஃபெங் பேசினார். தோட்டத்தில் வேலிச்செடி நட்டு, பெரிய கத்தரியால் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வெட்டி வைக்கிறார்களே, அந்தச் செடிகளுக்கு வாய் இருந்தால் எதிர்த்துக் கத்தியிருக்கும் என்றார். கூடியிருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. அதே ஆகஸ்டில் தன் வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். விருந்தாளி வந்து பேச விஷயமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது பூனை வந்து இருவரையும் சகஜமாக்குகிறது என்ற மாதிரி லேசான கட்டுரை. போகிற போக்கில், முன்பு வளர்த்த ஒரு மஞ்சள் பூனையை 'மாவ் போபோ' என்று கூப்பிட்டதைச் சொல்கிறார். எங்கள் ஊரில் பேயையும் திருடனையும்கூட 'போபோ' என்போம், அதனால் பூனைக்கும் சொல்லலாம் என்று விளக்கம். சீனத்தில் பூனைக்கும் 'மாவ்', அன்றைய தலைவர் மாவோவின் குடும்பப் பெயரும் 'மாவ்'. தொனி மட்டும் வேறு.

கலாச்சாரப் புரட்சி வந்தபோது கத்தரியும் பூனையும் குற்றச்சாட்டாக வந்து நின்றன. ஷாங்காயில் முக்கியமாகத் தாக்க வேண்டிய பத்துப் பேரில் ஒருவர் ஆனார். எழுபது வயதைத் தாண்டிய மனிதரைக் கிராமத்துக்கு அனுப்பிப் பருத்தி பறிக்க வைத்தார்கள். நோய் வந்து வீடு திரும்பிய பிறகு, விடியும் முன்பே எழுந்து, வீட்டார் தூங்கும்போது ரகசியமாக எழுதினார், வரைந்தார். குருவின் நூறாவது வயதுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கும்போதே, 1973-ல், ஆறாவது தொகுதியின் நூறு படங்களையும் முடித்துவிட்டார். அந்த விடியற்காலைகளில் எழுதிய கட்டுரைகளில் கசப்பே இல்லை. பழைய ஊர், நண்டு தின்ற நினைவு, பக்கத்து வீட்டு ஆட்கள். எனக்கு அதை முதலில் படித்தபோது ஏமாற்றமாகக்கூட இருந்தது. சூழ்நிலை தெரிந்த பிறகு வேறு மாதிரிப் படித்தேன்.

பிறகு வந்த காலமும் அவரைச் சும்மா விடவில்லை. 2013 வாக்கில் சீன நகரங்களின் சுவர்களில் 'சீனக் கனவு' பிரசாரச் சுவரொட்டிகள் ஒட்டினார்கள். அவற்றில் இவர் படங்களும் இருந்தன. பல் கட்டுரையை யாரும் சுவரில் ஒட்டவில்லை.

நாமும் அதே கத்தரியை எடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

வேண்டுகோள் என்று பார்த்தால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். டெமி அளவில் இருநூறு பக்கம். ஓவியக் கட்டுரையும் பல்லும் பூனையும் அபாவோவும் ஆரஞ்சும் எரிந்த வீடும் கலந்து வர வேண்டும், நடுநடுவே படங்கள். தலைப்புவாரியாகப் பிரிக்க வேண்டாம். செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இவருடைய ஆரம்பகால ஓவியங்கள் கறுப்புத் தூரிகைக் கோடுகள்தான்; ஆர்ட் பேப்பர் எதற்கு, சாதா மேப்லித்தோவிலேயே நன்றாக வரும். அதிகம் போனால் கடைசியில் எட்டுப் பக்கம் கலர்.

உரிமை விஷயம்: சீனச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து ஐம்பது வருஷம், அந்த ஆண்டு முடியும்வரை. ஆக அங்கே 2025 டிசம்பர் வரைதான். நம் சட்டத்தில் அறுபது வருஷம். வெளிநாட்டு நூலுக்கு எந்தக் கணக்கு என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். உரிமை முடிந்திருந்தாலும் குடும்பத்தாருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுச் செய்வது மரியாதை.

அப்புறம், தயவுசெய்து ஆங்கிலம் வழியாக வேண்டாம். சீனக் கவித்தொகையே நேரடியாகத் தமிழுக்கு வந்துவிட்ட காலம் இது. அந்த 'போபோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது அங்கிள் ஆகிவிடும், அங்கிருந்து தமிழுக்கு வந்தால் மாமா ஆகிவிடும். சீனத்தில் 'போபோ' என்றால் அப்பாவின் அண்ணன். நம்மிடம் அதற்கு அச்சு அசலாகப் 'பெரியப்பா' இருக்கிறது. அதேபோல் வீட்டின் பெயர். துறவி ஹோங்யீயிடம் வீட்டுக்குப் பெயர் கேட்டபோது, பிடித்த எழுத்துகளைத் துண்டுக் காகிதங்களில் எழுதிச் சுருட்டிப் புத்தர் முன் போட்டு எடுக்கச் சொன்னார். இரண்டு தடவை எடுத்தபோதும் 'யுவான்' என்ற ஒரே எழுத்து வந்தது, வீட்டுக்கு 'யுவான்யுவான்' என்று பெயர் வைத்தார். இதை விளக்க அடிக்குறிப்பு எதற்கு? திருவுளச்சீட்டு என்றால் நம் பாட்டிகளுக்குப் புரியும். 'யுவான்' என்ற சொல்லுக்கும் பிராப்தம், கொடுப்பினை என்று பக்கத்தில் நிற்கும் சொற்கள் இருக்கின்றன. மூன்றாவது மொழி நடுவில் நுழைந்தால் இவை எல்லாம் போய்விடும்.

சிங்கப்பூர் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கதையில் உங்கள் ஊர் பெரிய இடத்தில் இருக்கிறது. உயிர் காக்கும் ஓவியங்களின் நான்காம், ஐந்தாம் தொகுதிகள் 1961-லும் 1965-லும் வெளிவந்தது சிங்கப்பூரில் வாழ்ந்த குவாங்சியா என்ற துறவியின் முயற்சியால். ஃபெங் இறந்த பிறகு ஆறாவதையும் சேர்த்து 1979-ல் அவர்தான் வெளியிட முனைந்தார். மூலப்படங்களையும் பத்திரமாக வைத்திருந்து 1985-ல் செஜியாங் மாகாண அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதே வருஷம் எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டியபோது அதற்கும் பணம் கொடுத்தார். அவருடைய மடத்தின் சீனப் பெயரில் இருக்கும் இரண்டு எழுத்துகளை நான் அகராதியில் பார்த்தேன். அது சம்ஸ்கிருத 'சம்பக'த்தின் சீன ஒலிபெயர்ப்பு. நம் செண்பகம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் ஒன்று. தமிழும் சீனமும் ஆட்சிமொழிகளாக இருக்கும் ஊரில், இந்த மனிதரின் புத்தகம் தமிழில் வர யாராவது உதவுவார்கள் என்று நம்புகிறேன்.

என் கோப்பு மேசை டிராயரில்தான் இருக்கிறது. ஆறில் ஐந்து கட்டுரைகள் முடிந்தன. பூனைக் கட்டுரை மட்டும் ஓரிடத்தில் நிற்கிறது. 'பூனைப் பெரியப்பா' என்றால் உறவு சரியாக வருகிறது, கேலி குறைகிறது. 'பூனையார்' என்றால் கேலி வருகிறது, காக்கையார் நரியார் கதை ஞாபகம் வருகிறது, ஆனால் திருடனையும் பேயையும் பெரியப்பா என்று கூப்பிடும் அந்த ஊர்க் குசும்பு போய்விடுகிறது. இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் யாராவது ஒரு வரி எழுதினால் நன்றி.

அன்புடன்,
ஒரு வாசகன்